பன்னிரண்டுக்கு ஒன்று

ஆஸ்டின் டவுனில் எங்கள் கட்டட வாசலுக்கு
மூன்று படிகள்.
படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் பதினெட்டு.
அதுவரை யாரும் எண்ணியதில்லை.
கால்களுக்கு எண்ணத் தெரியாது,
சக்கரங்களுக்குத் தெரியும்.

நாலாவது மனுவுக்குப் பிறகு ஒரு ஞாயிறு
செயலாளர் தனஞ்செய ராவ் கூப்பிட்டுக் காட்டினார்:
"பாருங்க மேடம், உங்க சாய்தளம்."
நாலரை அடி நீளம்.
அது சாய்தளம் இல்லை,
படுக்க மனமில்லாத சுவர்.

ஏறிப் பார்த்தேன்.
பாதியில் நாற்காலி மனம் மாறியது.
பால் பாக்கெட் போட வந்த ஷப்பீர்
பின்னால் பிடித்திருக்காவிட்டால்
நேரே எதிர் பேக்கரிக்குப் போய்
பன் கேட்டிருப்பேன்.

சங்கக் கூட்டத்தில் டேப்பை விரித்தேன்.
ஏறுவது பதினெட்டு, போவது ஐம்பத்து நாலு.
மூன்று போவதற்குள் ஒன்று ஏறச் சொல்கிறது இது.
எனக்குப் பன்னிரண்டு போனால் ஒன்று.
"உயரம் அதேதானே?" என்றார் பொருளாளர்.
அதேதான்.
உயரத்தில் தள்ளுபடி கேட்கவில்லை நான்,
தூரம் கேட்கிறேன்.
பதினெட்டு அடி.

பதினெட்டு அடி என்பது
தனஞ்செய ராவின் கார் நிற்கும் இடம்.
அங்கே கூட்டம் சற்று அமைதியானது.

மேஸ்திரி சன்னப்பாவுக்குச் சட்டெனப் புரிந்தது.
குளியலறைத் தரை போடுகிறவர்.
அடிக்குக் கால் அங்குலம் சாய்க்காவிட்டால்
தண்ணீர் மூலையில் நின்று புகார் சொல்லும்,
கூடச் சாய்த்தாலோ சோப்போடு ஆளும் போகும் என்றார்,
பாதி தமிழில், பாதி கன்னடத்தில்.
காதில் பென்சில்.
கையில் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாய்,
இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்க,
அதுதான் அவருடைய பூஜ்யம்.
அங்கிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டுமாம்.

அதன்பின் இந்த ஊரில்
தட்டையான இடம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.
ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு
பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் தெரு.
மழை பெய்தால்
ஈஜிபுரா எங்கே என்று யாரையும் கேட்காத தண்ணீர்.
வருஷா வருஷம் ஏறும் வாடகைக் கோடு,
அதன் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு வரும் என் சம்பளம்.
மெட்ரோ லிஃப்ட் மட்டும் தனி ஜாதி:
ஏறுவது முழுக்க, போவது பூஜ்யம்.
பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று
பள்ளியில் சொன்னார்கள், ஏன் என்று சொல்லவில்லை.
லிஃப்ட் பழுது என்ற பலகையின் முன்
நாற்பது நிமிஷம் காத்திருந்தபோது
ஏதோ விளங்கிய மாதிரி இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் லிடியா
என் கைப்பிடியின் வலுவைக் கிலோவில் அளந்து
ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளி வைக்கிறாள்.
இருபத்தொன்று. இருபது. பத்தொன்பதரை.
போன வியாழன் ஸ்கேலை வைத்துச் சேர்த்தாள்.
இடமிருந்து வலம், கீழே.
"மெதுவாத்தான் இறங்குது," என்றாள்
அந்தத் 'தான்' மேல் விரலை வைத்து.

தாளின் அடியில் ஒரு கிடைக்கோடு இருந்தது,
அவள் வரையாதது, அச்சிலேயே வந்தது.
எல்லாருடைய தாளிலும் இருக்கும்.
அதில் தள்ளுபடி கிடையாது, தெரியும்.
கட்டம் போட்ட தாளை வலப்பக்கம் இன்னும் ஒன்று
ஒட்ட முடியுமா என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு, டேப் தேடினாள்.

கார் நகர்ந்தது. எப்படி என்பது வேறு கதை,
அதில் ராவின் மனைவிக்குப் பங்குண்டு.
ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் மூடி வைத்தார் சன்னப்பா.
எட்டாம் நாள் காலை
பிரேக்கை விட்டு, சக்கரத்தின் மேல்
விரல் நுனி மட்டும் வைத்தேன்.
பன்னிரண்டு போய் ஒன்று.
இன்னொரு பன்னிரண்டு.
இன்னொரு ஒன்று.

நடுவில் தெருநாய் ஒன்று
உருளாமல் தூங்கிக்கொண்டிருந்தது.
மணி அடித்தேன், எழவில்லை.
பக்கத்திலேயே நிறுத்தினேன்.
நின்றது.